ஒற்றைக்கால் வீக்கம்

பிரசவம் ஆன பன்னிரண்டாம் நாள் என் அக்காவுக்கு இடது கால் கனத்தது. சிசேரியன். அம்மா வீட்டில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். கெண்டைச்சதையைப் பிடித்து இழுப்பதுபோல் வலி, தொடைவரை வீக்கம். "வாயு இறங்கியிருக்கு" என்றார் பெரியம்மா. "நரம்பு இழுத்துக்கிச்சு, உருவி விட்டாச் சரியாப் போயிரும்" என்று அத்தை நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கொண்டுவந்துவிட்டார். பிள்ளையைப் பார்க்க அன்று வந்திருந்த கிராம சுகாதாரச் செவிலியர் அத்தையின் கையைப் பிடித்து நிறுத்தினார். தையல் மிஷின்மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறக்கிப் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு கால்களையும் அதே இடத்தில் சுற்றி அளந்தார். வலது கால் 33, இடது கால் 37. "தேய்க்காதீங்கம்மா. இன்னைக்கே டாப்ளர் ஸ்கேன் பாக்கணும்" என்றார்.

அன்று மாலையே ஸ்கேனில் தெரிந்தது: இடது தொடையின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. டாக்டர்கள் சுருக்கமாக டி.வி.டி. என்பது இதைத்தான். மேலைநாட்டுக் கணக்குப்படி ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த உறைவோ, இது நுரையீரலுக்குப் போய் ஏற்படுத்தும் அடைப்போ வருகிறது. ஆசியர்களுக்கு இது அபூர்வம் என்று ஒரு காலத்தில் மருத்துவப் புத்தகங்களே சொல்லின. தேடிப் பார்க்காததால் வந்த நம்பிக்கை அது என்பது பிறகு தெரிந்தது. இதற்கு மருந்து உண்டு, சோதனையும் உண்டு. நம் ஊரில் உயிர் போவது பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் முந்தைய கட்டத்தில்தான். வீட்டில் அந்த வீக்கத்துக்கு வேறொரு பெயர் வைத்துவிடுகிறோம்.

பெயர்கள் நம்மிடம் ஏராளம். வாயுப் பிடிப்பு, சுளுக்கு, நீர் கோத்தது, நரம்புச் சுருட்டல், ஊமைக்காயம். இவற்றில் அதிகம் குழப்புவது 'நரம்பு' என்ற சொல். பேச்சுத் தமிழில் உணர்ச்சியைக் கடத்தும் நரம்பும் நரம்புதான். ரத்தம் ஓடும் சிரையும் நரம்புதான். 'நரம்பு கிடைக்கல' என்று ஊசி போடுபவர் சொல்வது சிரையை. அதனால் சிரையில் அடைப்பு என்று டாக்டர் சொன்னாலும், வீட்டில் அது 'நரம்புக் கோளாறு' ஆகிறது. நரம்புக் கோளாறு என்றால் நீவி விடுவதும் உருவி விடுவதும்தானே நம் கைவைத்தியம்? காவிரிப் படுகைப் பக்கம் இன்னொரு பயமும் உண்டு. ஒரு கால் வீங்கினால் யானைக்கால் என்று நினைத்து மறைத்து வைப்பார்கள். யானைக்கால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்லப் பருப்பது. உறைவோ நேற்று இல்லாமல் இன்றைக்கு வந்து நிற்பது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ரத்தம் ஏன் காலில் போய் உறைகிறது? இதயம் கீழே தள்ளிய ரத்தம் மறுபடி மேலேற வேண்டும். அதை ஏற்றுவது கெண்டைக்கால் தசைதான். ஒவ்வோர் அடி வைக்கும்போதும் தசை இறுகி ஆழ்சிரையைப் பிழிகிறது; சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தத்தைத் திரும்பி இறங்கவிடாமல் தடுக்கின்றன. நடக்காத காலில் இந்தப் பம்பு நின்றுபோகிறது. ஓட்டம் தளர்வது, சிரையின் உட்சுவர் அடிபடுவது, உறையும் தன்மை கூடுவது என்று உறைவுக்கான காரணங்களை மூன்றாக இன்று பாடத்தில் சொல்கிறார்கள். ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ச்சோ பெயரால் அது வழங்குகிறது. காலில் உறைந்த கட்டியே பிய்ந்துபோய் நுரையீரலை அடைக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காட்டியவர் அவர். அவர் பிறந்த அக்டோபர் 13ஆம் தேதியைத்தான் 2014 முதல் உலக ரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

நடக்காத கால் என்றால் என்ன ஆகும் என்பதை லண்டன் மாநகரம் 1940இல் பார்த்தது. ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிய இரவுகளில் மக்கள் பதுங்கிடங்களில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். நாற்காலியின் முன்சட்டம் முழங்காலின் பின்பக்கத்தை அழுத்தியது. விடிந்து எழுந்து நடக்கும்போது திடீரென்று விழுந்து இறந்தவர்களைப் பரிசோதித்த கீத் சிம்ப்சன் என்ற தடயவியல் மருத்துவர், நுரையீரல் அடைப்பு மரணங்கள் முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு கூடியிருப்பதை எழுதினார். குண்டுக்குத் தப்பியவர்கள் நாற்காலிக்குப் பலியானார்கள். 2003இல் நியூசிலாந்து மருத்துவர்கள், கணினி முன் நாளெல்லாம் எழாமல் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞருக்கு இதே நோய் வந்ததைப் பதிவு செய்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில், விமானமானாலும் பேருந்தானாலும், இந்த அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. ஆனாலும் ஆரோக்கியமான ஒருவருக்குப் பயணத்தால் வரும் அபாயம் சிறியதுதான். விமானத்தைப் பற்றிப் பத்திரிகைகள் பேசிய அளவுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பற்றிப் பேசவில்லை என்பது என் குறை.

உண்மையில் பெரிய அபாயம் அந்தக் கட்டிலில்தான் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிவு, மூட்டு மாற்று அறுவை, வயிற்று அறுவை, பக்கவாதம், கடும் காய்ச்சலோடு நாட்கணக்கில் படுக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பின்னும் பல வாரங்களுக்கு இது தொடர்கிறது. 2008இல் வெளிவந்த, 32 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வொன்றில், மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்களில் பாதிப்பேர் உறைவு வரக்கூடிய நிலையில் இருந்தார்கள். அப்படி இருந்தவர்களில் முறையான தடுப்பு கிடைத்தவர்கள் இந்தியாவில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை.

புற்றுநோயும் ரத்தத்தை உறையத் தூண்டும். இதை 1860களில் விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ருஸோ, பிறகு தன் உடம்பிலேயே சிரை உறைவைக் கண்டு தனக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று அறிந்துகொண்டார். 1867இல் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். வெளிப்படையான காரணம் ஏதுமில்லாமல் நடுவயதில் உறைவு வந்தால் டாக்டர் எடை குறைந்ததா, பசி குறைந்ததா என்று துருவிக் கேட்பது இதனால்தான்.

பெண்களுக்கு வரும் அபாயத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் உறைவு அபாயம் நான்கைந்து மடங்கு கூடுகிறது. பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில் அது உச்சத்துக்குப் போகிறது. பிரசவ ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. கர்ப்பிணிகளுக்கு இது இடது காலில்தான் அதிகம், பத்தில் எட்டுக்குக் குறையாமல். இடுப்பில் வலது காலுக்குப் போகும் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையைக் குறுக்கே தாண்டி அழுத்திக்கொண்டு போகிறது. கர்ப்பப்பை கனக்கும்போது அந்த அழுத்தம் கூடுகிறது. அக்காவின் கால் இடது காலாக இருந்ததற்குக் காரணம் அதுதான். இதோடு நம் பத்தியத்தையும் சேர்த்துப் பாருங்கள். பச்சை உடம்பு என்று எழுந்து நடக்கவிடாமல் படுக்க வைப்பது. வயிறு பெருக்கும், சளி பிடிக்கும் என்று தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது. பத்தியக் குழம்பிலும் பூண்டிலும் தப்பில்லை. தண்ணீரைக் குறைப்பதும் நடையைத் தடுப்பதும் தப்பு. பிள்ளை பெற்றவள் மேலுள்ள பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் தப்பு.

இன்னொன்று, வீடுகளில் தணிந்த குரலில் பேசப்படுவது. கோயில் திருவிழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். சீட்டு கேட்பவர் இல்லை. அந்த நோரெதிஸ்டிரோன் மாத்திரையின் ஒரு சிறு பங்கு உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜன் உறைவைக் கூட்டும். கருத்தடை மாத்திரைக்கும் இதே குணம் உண்டு. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முன்பே காலில் உறைவு வந்தவர், குடும்பத்தில் உறைவு உள்ளவர், அதிக எடை உள்ளவர், புகைப்பவர் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. சாமி கும்பிடுவதற்காக யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இனி, அடையாளம். ஒரு காலில் மட்டும், சில நாட்களுக்குள் வந்த வீக்கம், கெண்டைக்காலிலோ தொடையிலோ வலி, தொட்டால் சூடு, சில சமயம் நிறமாற்றம். 'சிவந்திருக்கும்' என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம்பி உட்காரக்கூடாது. நம் தோலின் நிறத்தில் சிவப்பு தெரியாது; கருஞ்சிவப்பாகவோ ஒருவித மினுமினுப்பாகவோதான் தெரியும். புறங்கையை இரண்டு காலிலும் மாற்றி மாற்றி வைத்துச் சூட்டை ஒப்பிடுவது நல்ல வழி. செவிலியர் செய்ததுபோல் நாடாவால் அளப்பது அதைவிட நல்லது. இரண்டு கெண்டைக்காலுக்கும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. உறைவு இல்லாதவருக்கும் வலிக்கும், உள்ளவருக்கு வலிக்காமலும் போகும். இரண்டு காலும் ஒன்றுபோல் வீங்கினால் இதயம், சிறுநீரகம், ரத்த அழுத்த மாத்திரை என்று யோசனை வேறு பக்கம் போக வேண்டும்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். 2016இல் டெல்லியில் கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த 23 வயது இளைஞர், கட்டைப் பிரித்த பிறகும் வலிக்கிறது என்றார். தாய் எண்ணெய் தேய்த்து நீவி விட்டார். மகன் மூச்சுத் திணறிச் சாய்ந்தார், பிழைக்கவில்லை. மாவுக்கட்டில் அசையாமல் இருந்த காலில் உருவான உறைகட்டி நுரையீரல் தமனிக்குப் போயிருந்ததை எய்ம்ஸ் மருத்துவர்கள் பிரேதப் பரிசோதனையில் கண்டு, மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். அந்தத் தாயின் கையில் என்ன குற்றம் இருக்கிறது? அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்து, படபடப்பு, மயக்கம், சில சமயம் இருமலில் ரத்தம். அப்போது காலை அளந்துகொண்டிருக்கக் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். கால் வீங்காமல் நேரே இந்தக் கட்டத்தில் வெளிப்படுபவர்களும் உண்டு.

கால் வீக்கத்தோடு போகிறவரை டாக்டர் முதலில் கேள்விகளால் எடைபோடுகிறார். சமீபத்தில் அறுவை நடந்ததா, படுக்கையில் இருந்தாரா, புற்றுநோய் உண்டா, வேறு காரணம் ஏதும் பொருந்துகிறதா? இவற்றுக்குப் புள்ளி கொடுக்கும் வெல்ஸ் அளவுகோல் 1990களில் வந்தது. புள்ளி குறைவானவருக்கு டி-டைமர் என்ற ரத்தச் சோதனை. அது இயல்பாக இருந்தால் உறைவு இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம். கூடுதலாக இருந்தாலோ ஒன்றும் நிச்சயமில்லை. காய்ச்சல், கர்ப்பம், அறுவை, முதுமை எல்லாமே அதைக் கூட்டும். 'டி-டைமர் ஏறியிருக்கு' என்று சீட்டைப் பார்த்து அழுபவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த எண் மட்டும் நோயைச் சொல்லாது.

சொல்வது ஸ்கேன். அக்காவுக்கு எடுத்தபோது நான் அருகில் நின்றேன். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள், ஒன்று தமனி, மற்றொன்று சிரை. டாக்டர் கருவியைத் தொடையில் வைத்து அழுத்தினார். வலது காலில் அழுத்தியபோது சிரை வட்டம் கண்ணிமை மூடுவதுபோல் தட்டையாகி மறைந்தது, விட்டதும் திறந்தது. இடது காலில் அழுத்தினார். மூடவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ நிறைந்திருந்தது. சோதனையின் உயிர்நிலை இவ்வளவுதான்: அமுங்காத சிரை அடைபட்ட சிரை. முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் பலமாக இருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி எடுப்பார்கள். கெண்டைக்காலில் தொடங்கிய சிறு உறைவு அதற்குள் மேலேறியிருக்கலாம்.

மருந்தின் வரலாறு ஒரு கதைபோல இருக்கும். 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்த ஜே மக்லீன் என்ற மாணவர், ஈரலிலிருந்து எடுத்த சாறு உறையாமல் தடுப்பதைக் கண்டார். ஈரலின் கிரேக்கப் பெயரால் அது ஹெப்பாரின் ஆயிற்று. 1933இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கிடாரியோடும் உறையாத ரத்தம் நிரம்பிய பால் கேனோடும் பனியில் வண்டியோட்டி வந்து கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் கதவைத் தட்டினார். கெட்டுப்போன குளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. அந்தத் தீவனத்தின் நஞ்சைப் பிரித்தெடுத்த வழியில் வந்தது வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்டது. இந்த மருந்துகள் உயிர் காக்கின்றனவா என்ற கேள்விக்கு 1960இல் பிரிஸ்டலில் நடந்த சிறிய ஆய்வு விடை சொன்னது. நுரையீரல் அடைப்பு வந்தவர்களில் மருந்து தரப்படாத 19 பேரில் ஐந்து பேர் அந்த அடைப்பாலேயே இறந்தார்கள். தரப்பட்ட 16 பேரில் அதனால் ஒருவரும் இறக்கவில்லை. அதற்குமேல் யாருக்கும் மருந்தை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வை நிறுத்தினார்கள்.

இன்று பலருக்கு ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற மாத்திரைகளே போதும். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கும் தொல்லை இல்லை. காப்புரிமை முடிந்து உள்நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதில் விலையும் இறங்கியிருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது, அவர்களுக்கு ஹெப்பாரின் ஊசிதான். பாலூட்டுபவருக்கும் இந்தப் புது மாத்திரைகளைத் தருவதில்லை. ஹெப்பாரினும் வார்ஃபரினும் தரலாம். வார்ஃபரினோ அதே வகையைச் சேர்ந்த அசிட்ரோமோ சாப்பிடுபவர்கள், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரையே தொடக்கூடாது என்று அவர்களைப் பயமுறுத்துவது வழக்கம். கீரையை விடத் தேவையில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, மறுவாரம் அறவே இல்லை என்று மாறி மாறிச் சாப்பிடாமல், சீராகச் சாப்பிட்டால் போதும்.

எந்த மாத்திரையானாலும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி வளராமலும் புதிது உருவாகாமலும் காவல் நிற்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்கிறது. இது தெரியாததால்தான் பத்து நாளில் வீக்கம் வடிந்ததும் 'சரியாயிருச்சு, எதுக்குச் சும்மா மாத்திரை' என்று நிறுத்துகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் வேண்டும். அறுவை, பிரசவம் போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்தது என்றால் பொதுவாக அதோடு நிறுத்தலாம். காரணமே தெரியாமல் வந்ததானால் மருந்தை நிறுத்திய முதல் ஆண்டில் பத்தில் ஒருவருக்கும், ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கில் ஒருவருக்கும் திரும்ப வருகிறது. அப்படிப்பட்டவர்கள் நீண்டகாலம் தொடர வேண்டியிருக்கும். அதை டாக்டரும் நோயாளியும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த மாதங்களில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆபத்தானது. உடம்பு வலி, காய்ச்சல் என்றால் 'ஒரு ஊசி போட்டு விடுங்க' என்று கேட்டு இடுப்பில் போட்டுக்கொள்வது. உறைவைத் தடுக்கும் மருந்தில் இருப்பவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளுக்குள் ரத்தம் கட்டிப் பெரிதாக வீங்கும். மருந்துக்கடை வலி மாத்திரைகளும் வயிற்றில் ரத்தக்கசிவை வரவழைக்கும், பாரசிட்டமால் போதும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இந்த மருந்தைச் சொல்லிவிட வேண்டும். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நடக்கலாமா என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. கட்டி பெயர்ந்துவிடும் என்று முன்பு நாட்கணக்கில் படுக்க வைத்தார்கள். மருந்து தொடங்கிய பின் நடப்பதால் நுரையீரல் அடைப்பு கூடுவதில்லை என்பதும், வலியும் வீக்கமும் சீக்கிரம் குறைகின்றன என்பதும் பிறகு தெரிந்தன. அக்கா மூன்றாம் நாள் வராந்தாவில் நடந்தாள். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலுக்குத் தலையணை வைத்து உயர்த்திக்கொண்டாள்.

உறைவு விட்டுப்போகும் தழும்பு, பழுதான வால்வுகள். நூறு பேரில் இருபது முதல் ஐம்பது பேர்வரை பின்னாளில் காலில் கனம், மாலை வீக்கம், கணுக்கால் பக்கம் தோல் கறுப்பது, முற்றினால் ஆறாத புண் என்று அவதிப்படுகிறார்கள். இறுக்கும் காலுறை போட்டால் இது வராது என்று நெடுங்காலம் நம்பினார்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 800க்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வு அப்படித் தடுப்பதாகக் காட்டவில்லை. ஆனாலும் போட்டால் கனம் குறைகிறது என்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரை நோயாளிகள் தமனி ஓட்டத்தைச் சோதித்த பிறகே போட வேண்டும். ஓராண்டு கழித்து எடுக்கும் ஸ்கேனிலும் பலருக்குப் பழைய அடைப்பின் மிச்சம் தெரியும். அது புதுக் கட்டி அல்ல. அதைப் பார்த்துப் பதறி, இரவெல்லாம் தூங்காமல் காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்குப் பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் அதைப் பயம் என்று தள்ளாமல் இதயத்தைச் சோதிக்க வேண்டும்.

அக்காவுக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்தாயிற்று. அந்தக் கர்ப்பம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டாள். அத்தை இந்த முறை எண்ணெயைத் தொடவில்லை. சொம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு 'குடி, குடி' என்று பின்னாலேயே நடந்தார்.

மருத்துவமனை நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. அறுவையோ பிரசவமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவரின் சீட்டிலும் தமிழில், பெரிய எழுத்தில் இதை அச்சடித்துக் கொடுங்கள்: 'ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால் தேய்க்கவோ உருவவோ வேண்டாம், அன்றைக்கே வாருங்கள். மூச்சுத் திணறினால் 108.'